மே மாதம், 12 நாள், இரண்டு பிள்ளைகள்: ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எங்கே போகலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து கணவன், மனைவி, 9 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள். பள்ளி விடுமுறையை விட்டால் நேரம் கிடைக்காது என்பதால் மே மாதம்தான். மொத்தம் 12 நாள். தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா, ஜிம்பாப்வே, ஜாம்பியா எல்லையில் இருக்கும் விக்டோரியா அருவி, போட்ஸ்வானாவின் ஒகவாங்கோ டெல்டா, நமீபியாவின் எட்டோஷா பூங்கா, நமீப் பாலைவனம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறீர்கள். இதில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

எல்லாவற்றையும் பார்க்க முடியாது. வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுபோல் தெரியும். ஆனால் க்ரூகரிலிருந்து எட்டோஷாவுக்குச் சாலை வழியாகப் போனால் 2,000 கிலோமீட்டருக்கு மேல். 12 நாளில் ஐந்து இடம் என்று திட்டம் போட்டால், விலங்குகளைவிட விமான நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

எதை விடுவது என்பதை இடத்தின் புகழை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் போகிற மாதத்தில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். அங்கே எல்லாமே அதைச் சுற்றித்தான் நடக்கிறது. கேப் டவுன் பக்கத்தை விட்டுவிட்டால், இந்தப் பகுதி முழுவதும் மழை ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரைதான். அதற்குப் பிறகு ஆறேழு மாதம் வானம் வெறுமையாகக் கிடக்கும். மழைக்காலத்தில் காட்டுக்குள் பள்ளம் கண்ட இடமெல்லாம் தண்ணீர் நிற்கும், யானை எதற்கு ஆற்றுக்கு வரப்போகிறது? புல்லும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். சிங்கம் பத்தடி தள்ளிப் படுத்திருந்தாலும் தெரியாது. பள்ளங்கள் ஒவ்வொன்றாக வற்ற வற்ற, விலங்குகள் வற்றாத ஆறுகளையும் ஊற்றுகளையும் தேடி வந்து சேரும். அதனால்தான் ஜூலை முதல் அக்டோபர் வரை சஃபாரிக்கு நல்ல காலம் என்கிறார்கள்.

மே இரண்டுங்கெட்டான் மாதம். மழை நின்றுவிட்டது, ஆனால் காடு இன்னும் முழுதாகக் காயவில்லை. புல் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும், ஆனால் படுத்திருக்காது. ஆகவே வறட்சி முற்றினால்தான் சிறக்கும் இடங்களை இந்தத் தடவை விட்டுவிட்டு, ஆண்டு முழுவதும் ஆறு ஓடும் இடத்தையும், மே மாதத்திலேயே உச்சத்தில் இருக்கும் ஓர் இடத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்குப்படி அது க்ரூகரின் தெற்குப் பாதியும் விக்டோரியா அருவியும். அருவிக்குப் போனால் போட்ஸ்வானாவின் சோபே ஆறு பக்கத்திலேயே இருக்கிறது.

க்ரூகர் பற்றி ஒரு தவறான எண்ணம் உண்டு: கூட்டம் அதிகம், தார்ச்சாலை போட்ட மிருகக்காட்சிசாலை மாதிரி என்பார்கள். விடுமுறைக் காலத்தில் தெற்கே கூட்டம் இருப்பது உண்மைதான். ஒரு சிங்கத்தைச் சுற்றி இருபது கார் நிற்பதும் நடக்கும். ஆனால் அங்கே பள்ளி விடுமுறை ஈஸ்டரை ஒட்டியும் அப்புறம் ஜூன் கடைசியிலிருந்தும் வருகிறது. மே மாதம் நடுவில் அமைதியாக இருக்கும். அந்த விதத்தில் நம் விடுமுறை நமக்குச் சாதகம்.

1898-ல் சாபி காப்பகமாகத் தொடங்கி, 1926-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம் இது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 360 கிலோமீட்டர், பரப்பு 19,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். இதை முழுவதும் சுற்ற நினைக்காதீர்கள். மேற்குப் பாதியில் பெரும்பாலும் கிரானைட் பாறை நிலம், கிழக்கில் எரிமலைக் குழம்பு இறுகிய பசால்ட் நிலம். பசால்ட் மண்ணில் சத்தான புல் வளரும். புல் இருந்தால் வரிக்குதிரையும் வில்டபீஸ்ட் மானும் வரும், அவற்றின் பின்னாலேயே சிங்கம் வரும். பூங்காவுக்குள் தங்கும் முகாம்களில் ஒன்றான சடாராவைச் சுற்றி சிங்கம் அதிகம் தெரிவதற்கு இதுதான் காரணம். சிவிங்கிப் புலியும் (சீட்டா) அந்தத் திறந்த வெளியில்தான் கண்ணில் படும். வடக்கே போகப் போக மோப்பானி மரக்காடு. யானைகளுக்கு அது சொர்க்கம், ஆனால் பிள்ளைகள் காருக்குள் சலித்துப்போவார்கள்.

உங்களுக்கு லோயர் சாபி முகாமில் மூன்று இரவு, சடாராவில் இரண்டு இரவு என்று சொல்வேன். சாபி ஆறு வற்றாத ஆறு. ஸ்குகூசா முகாமிலிருந்து லோயர் சாபி வரை ஆற்றை ஒட்டி ஒரு தார்ச்சாலை போகிறது. பூங்காவிலேயே அதிகம் பேர் போகும் சாலை அதுதான், காரணம் இல்லாமல் இல்லை. சிறுத்தை கிளையில் காலைத் தொங்கவிட்டுப் படுத்திருக்கும் அத்தி மரங்களும், காட்டெருமைக் கூட்டம் தண்ணீருக்கு இறங்கும் சரிவுகளும் அந்த வழியில்தான்.

லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்திலேயே சன்செட் டேம் என்று ஒரு சிறு நீர்த்தேக்கம் இருக்கிறது. காரை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். நீர்யானைகள் தண்ணீருக்குள் பாறை மாதிரி கிடக்கும். சிறு ஆமைகள் அந்த முதுகுகளில் ஏறி வெயில் காயும். நீர்யானை மூச்சு விட்டு உள்ளே அமிழும்போது ஆமைகள் ஒவ்வொன்றாகச் சறுக்கி விழும், மறுபடி ஏறும். எதிர்க்கரையில் முதலைகள் வாயைத் திறந்து வைத்தபடி கிடக்கும், கொக்கும் நாரையும் அவற்றுக்கு நடுவிலேயே சாவகாசமாக நடக்கும். சிங்கத்தைத் தேடி எண்பது கிலோமீட்டர் ஓட்டிக் களைப்பதைவிட உங்கள் 9 வயதுப் பிள்ளைக்கு இதுதான் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

மே மாதத்துக்கென்றே இன்னொன்று உண்டு. அது இம்பாலா மான்களின் இணை சேரும் காலம். ஆண் மான்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தொண்டையைக் கிழித்துக் கத்தும். பார்த்தால் அவ்வளவு மெல்லிய மான், கேட்டால் கர்ஜனை. இரவில் முகாம் வேலிக்கு வெளியே அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புதிதாக வருபவர்கள் சிங்கம் என்று நினைத்து எழுந்து உட்கார்வார்கள். சண்டையில் மூழ்கிய ஆண் மான்கள் மேய்வதையும் மறந்துவிடும், சுற்றிப் பார்ப்பதையும் மறந்துவிடும். சிறுத்தைக்கு இது விருந்துக் காலம்.

தண்ணீர்தான் எல்லாவற்றையும் நகர்த்துகிறது என்றேனே, அதற்கு க்ரூகரிலேயே கசப்பான சாட்சி இருக்கிறது. வறட்சியில் விலங்குகள் தவிக்கக்கூடாது என்று 1930-களிலிருந்து பூங்கா முழுவதும் ஆழ்துளைக் கிணறு போட்டு, காற்றாலை வைத்துத் தொட்டிகளை நிரப்பினார்கள். நல்ல எண்ணம்தான். வடக்கே, தண்ணீர் குறைவான பகுதியில் ரோன் என்ற பெரிய, அரிதான மான் வாழ்ந்தது. தண்ணீர் கிடைத்ததும் வரிக்குதிரைக் கூட்டம் அங்கே போய்த் தங்கியது. வரிக்குதிரையைத் தேடிச் சிங்கம் போனது. உயரமான புல்லில் கன்றை மறைத்து வளர்க்கும் ரோன் மான், புல்லையும் இழந்தது, கன்றுகளையும் இழந்தது. 1986-ல் ஏறக்குறைய 450 ஆக இருந்த எண்ணிக்கை 1993-ல் 45 அளவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பல தொட்டிகளை மூடத் தொடங்கினார்கள். வழியில் துருப்பிடித்து நிற்கும் காற்றாலைகளைப் பார்த்தால் 13 வயதுப் பிள்ளையிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

சொந்தமாகக் கார் ஓட்டலாமா என்று தயங்குவீர்கள். தாராளமாக ஓட்டலாம். நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான். சர்வதேச ஓட்டுநர் அனுமதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம். ஆனால் அந்த வேகத்தில் போனால்கூட எதுவும் கண்ணில் படாது, 25-க்கு மேல் போகாதீர்கள். அனுமதித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. மே மாதத்தில் காலை 6 மணிக்குத் திறக்கும் வாயில் மாலை 5.30-க்கு மூடிவிடும். தாமதமாக வந்தால் அபராதம்.

யானையிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே மதநீர் வழியும் ஆண் யானை சாலையில் வந்தால் ஹாரன் அடிப்பதெல்லாம் கூடாது. மெதுவாகப் பின்னால் எடுத்து வழியை விடுங்கள், அதன் சாலை அது.

முகாம்களில் வழிகாட்டியோடு போகும் இரவு வண்டி உண்டு, ஒரு தடவையாவது போங்கள். புனுகுப் பூனை, தேன் வளைக்கரடி போன்றவையெல்லாம் பகலில் கிடைக்காது. காலை நடைக்கு 12 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால், ஒருவர் பெரிய பிள்ளையோடு போக, மற்றவர் சின்னதோடு முகாமில் இருக்க வேண்டியதுதான். மேற்கு எல்லையில் வேலியில்லாமல் க்ரூகரோடு சேர்ந்தே இருக்கும் சாபி சாண்ட் தனியார் காடுகள் சிறுத்தைக்கு உலகப் புகழ் பெற்றவை. அங்கே வண்டியைச் சாலையிலிருந்து இறக்கிப் புதருக்குள் ஓட்டலாம், முன்பக்கம் தனி இருக்கையில் தடம் பார்ப்பவர் உட்கார்ந்திருப்பார். ஓர் இரவுக்கு ஆகும் பணத்தில் க்ரூகர் முகாமில் குடும்பமே ஒரு வாரம் இருக்கலாம். என் அபிப்பிராயத்தில் முதல் பயணத்துக்கு அது தேவையில்லை. சிறுத்தையை நீங்களே கண்டுபிடிக்கும் சந்தோஷம் வேறு.

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். முகாம் குடில்களில் பலவற்றில் சிறு சமையலறை, பாத்திரங்கள், குளிர்சாதனப்பெட்டி எல்லாம் இருக்கும். அரிசி, முட்டை, காய்கறி, தயிர் முகாம் கடையிலேயே கிடைக்கும். புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கையோடு எடுத்துப் போனால் சைவக் குடும்பம்கூடச் சிரமப்படாது. தாழ்வாரத்தில் இருக்கும் குளிர்சாதனப்பெட்டிக்குக் கம்பிக் கூண்டும் தாழ்ப்பாளும் போட்டிருப்பார்கள், அதை அலட்சியம் செய்யாதீர்கள். குரங்குகள் அதற்காகவே காத்திருக்கும்.

சரி, அடுத்து அருவி. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஜிம்பாப்வேயின் விக்டோரியா ஃபால்ஸ் ஊருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஜாம்பேசி ஆறு 1,708 மீட்டர் அகலத்துக்கு ஒரே விளிம்பாகப் பிளந்து, 108 மீட்டர் ஆழத்தில் விழுகிறது. மேல் ஓட்டத்தில் பெய்த மழை முழுவதும் வந்து சேர ஏப்ரல் ஆகிவிடும். அதனால் மார்ச் கடைசியிலிருந்து மே வரை அருவி வெறிகொண்டு விழும். உள்ளூர் மக்கள் வைத்த மோசி ஓவா துன்யா என்ற பெயருக்கு இடிமுழங்கும் புகை என்று பொருள். அது மே மாதத்துக்குத்தான் பொருந்தும். அக்டோபர், நவம்பரில் போனால் ஜாம்பியா பக்கம் பெரும்பாலும் வெறும் பாறைதான் தெரியும்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மே மாதத்தில் சாரல் அவ்வளவு அடர்த்தியாக எழும்புவதால் சில பார்வை இடங்களில் அருவியே தெரியாது. எதிரே வெள்ளைச் சுவர்தான், சத்தம் மட்டும் நெஞ்சுக்குள் அதிரும். கீழிருந்து மேல்நோக்கி மழை பெய்வதுபோல் நனைவீர்கள். கைபேசிக்கு நீர் புகாத உறை, மாற்றுத் துணி, செருப்பு இவை போதும். பிள்ளைகள் குதிப்பார்கள், பெரியவர்கள் முதலில் குடை தேடுவார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். அருவிக்கு எதிரே அந்தச் சாரலிலேயே வளர்ந்த ஒரு மழைக்காடு இருக்கிறது. சுற்றிலும் வறண்ட நிலம், நடுவில் ஒரு துண்டு மட்டும் பச்சை. பௌர்ணமியை ஒட்டிப் போனால் இரவிலும் திறந்து விடுவார்கள், நிலவொளியில் வானவில் தெரியும். அதற்குத் தண்ணீரும் நிறைய வேண்டும், வானமும் தெளிவாக வேண்டும். மே மாதத்தில் இரண்டும் இருக்கும்.

அங்கிருந்து 80 கிலோமீட்டரில் போட்ஸ்வானாவின் கசானே. சோபே தேசியப் பூங்காவுக்கு வாசல் அதுதான். ஒரே நாளில் போய்த் திரும்பும் பயணமும் உண்டு, ஆனால் இரண்டு இரவு தங்கினால்தான் நல்லது. காரணம், சோபேயின் சிறப்பு பிற்பகல் படகு. ஜீப்பிலிருந்து யானையை மேலிருந்தோ நேராகவோ பார்ப்போம். படகில் நாம் தண்ணீர் மட்டத்தில் இருப்பதால் யானை வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். ஆற்று நடுவே செடூடு என்று ஒரு தீவு, நமீபியாவுக்கும் போட்ஸ்வானாவுக்கும் அது யாருடையது என்று வழக்கு நடந்து, 1999-ல் சர்வதேச நீதிமன்றம் போட்ஸ்வானாவுக்கு என்று தீர்ப்பளித்தது. யானைகளுக்கு இதெல்லாம் தெரியாது. புல்லைத் தேடி, தும்பிக்கையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நீந்தித் தீவுக்குப் போகும், குட்டிகளை நடுவில் விட்டுக்கொண்டு. போட்ஸ்வானாவில் 1,30,000 யானைகள் அளவில் இருக்கின்றன, உலகில் வேறெந்த நாட்டிலும் இத்தனை இல்லை. மே மாதத்தில் அவை உள்காட்டுப் பள்ளங்களை விட்டு ஆற்றுப் பக்கம் திரும்பத் தொடங்கும். செப்டம்பரில் வரும் நூற்றுக்கணக்கான கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள், ஆனால் ஏமாறவும் மாட்டீர்கள்.

ஜிம்பாப்வேயிலிருந்து போட்ஸ்வானாவுக்குப் போய்த் திரும்பி வருவதானால், ஜிம்பாப்வே விசா ஒரு தடவை நுழைவதற்கானதா, பல தடவைக்கானதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லையில் போய்க் கண்டுபிடிக்கிற விஷயமில்லை அது. அந்த எல்லையில் காலணியை மருந்துத் தண்ணீரில் நனைத்த பாயில் மிதிக்கச் சொல்வார்கள். கோமாரி நோய் பரவாமல் இருக்க அந்த ஏற்பாடு. பையில் இருக்கும் மற்றக் காலணிகளையும் எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

இனி, விடச் சொல்லும் இடங்கள். ஒகவாங்கோவை விடச் சொல்வதுதான் எனக்கே மனமில்லாமல் சொல்வது. ஆப்பிரிக்காவிலேயே அதைப்போல இன்னொரு இடம் கிடையாது. கடலைச் சேராத ஆறு அது. அங்கோலா மலைநாட்டில் மழை பெய்து, குபாங்கோ, குயிட்டோ என்ற ஆறுகளாக இறங்கி, நமீபியாவின் ஒரு துண்டைக் கடந்து, போட்ஸ்வானாவின் கலஹாரி மணலில் விசிறியாக விரிந்து அங்கேயே முடிந்துவிடுகிறது. பெரும்பகுதி ஆவியாகிப் போகிறது. டெல்டாவின் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் ஏறக்குறைய 60 மீட்டர்தான் சரிகிறது என்பதால் வெள்ளம் நடந்து வருவதுபோல் வரும். ஜனவரி, பிப்ரவரியில் அங்கோலாவில் பெய்த மழை, டெல்டாவின் கீழ்முனையில் இருக்கும் மவுன் ஊருக்கு வந்து சேர ஜூன், ஜூலை ஆகிவிடும். குடகில் பெய்த மழையில் தஞ்சாவூர்க் கால்வாய் காய்ந்த வெயிலில் நிரம்புகிற மாதிரிதான் இதுவும். சுற்றிலும் வறட்சி உச்சத்தில் இருக்கும்போது இங்கே மட்டும் வெள்ளம் உயரும். விலங்குகள் வராமல் என்ன செய்யும்?

அங்கே தீவுகள் உண்டாகும் விதமும் விசேஷம். வெள்ளத்துக்கு மேலே தலை நீட்டியிருக்கும் ஒரு கறையான் புற்றில் பறவை உட்கார்ந்து விதை போடும். மரம் முளைக்கும், வேர் பரவும், தீவு வளரும். மரங்கள் தண்ணீரை உறிஞ்சிவிட்டு உப்பை விட்டுவிடுவதால், பெரிய தீவுகளின் நடுப்பகுதி மட்டும் உப்புப் பொரிந்து மொட்டையாக இருக்கும். விமானத்திலிருந்து பார்த்தால் ஓரத்தில் பச்சை வளையம், நடுவில் வெள்ளைப் பொட்டு. ஆண்டுதோறும் வரும் உப்பு தண்ணீரில் கரைந்தபடியே கிடக்காமல் தீவுகளின் நடுவே அடைந்துவிடுவதால்தான் டெல்டாவின் தண்ணீர் குடிக்கிற மாதிரி தெளிவாக இருக்கிறது. 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1000-வது இடமாக இது சேர்ந்தது.

அப்படியானால் ஏன் விடச் சொல்கிறேன்? ஒன்று, செலவு. பயணிகள் குறைவாக வரட்டும், வருபவர்கள் அதிகம் கொடுக்கட்டும் என்பதுதான் போட்ஸ்வானாவின் கொள்கை. உள்ளே இருக்கும் முகாம்களுக்குச் சிறு விமானத்தில்தான் போக வேண்டும். இரண்டு, மொகோரோ. கோல் ஊன்றி ஓட்டும் அந்த ஒடுங்கிய ஓடத்தில், அல்லிப் பூக்களுக்கு நடுவே சத்தமில்லாமல் போவதற்காகத்தான் ஒகவாங்கோவுக்குப் போவது. பல முகாம்கள் 12 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அதில் ஏற்றுவதில்லை, நீர்யானைக்குப் பயந்து. அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு ஒருவர் கரையில் உட்கார்ந்திருப்பதா? சின்னதுக்கு 12 ஆகட்டும், ஜூலை அல்லது ஆகஸ்டில் போங்கள்.

இந்த இடத்தில் வரிக்குதிரைகளைப் பற்றிச் சொல்லாமல் போக மனமில்லை. மழை வந்ததும் ஒகவாங்கோவிலிருந்து வரிக்குதிரைகள் தென்கிழக்கே மக்காடிகாடி உப்புவெளியின் புல்லைத் தேடிப் போகும். மாட்டு நோயைத் தடுக்க 1968-ல் அந்த வழியின் குறுக்கே வேலி போட்டார்கள். போக்குவரத்து நின்றது. 2004-ல் வேலியை எடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே வரிக்குதிரைகள் அதே வழியில் மறுபடி போகத் தொடங்கியதை, அவற்றின் கழுத்தில் மாட்டிய இடம் காட்டும் கருவிகள் காட்டின. வேலி போடுவதற்கு முன்பு அந்த வழியில் போன வரிக்குதிரை ஒன்றுகூட அப்போது உயிரோடு இருந்திருக்க முடியாது. அவற்றின் ஆயுள் அவ்வளவு இல்லை. எப்படிக் கண்டுபிடித்தன என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள்.

நமீபியாவையும் தள்ளிப் போடுங்கள். எட்டோஷா 22,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த பூங்கா, அதன் நடுவே 4,800 சதுர கிலோமீட்டர் அளவுக்கு ஓர் உப்பளம். உப்பளத்தின் தென்விளிம்பில் வரிசையாக ஊற்றுகள். வறட்சி முற்றினால் சாலையோரம் ஒரு குட்டைக்கு எதிரே காரை நிறுத்தினால் போதும். வரிக்குதிரை, ஓரிக்ஸ் மான், நெருப்புக்கோழி, யானை என்று முறை வைத்து வந்துகொண்டே இருக்கும். சுண்ணாம்புப் புழுதியைப் பூசிக்கொண்ட யானைகள் வெள்ளையாக நிற்கும். ஒக்காகுவேயோ முகாமில் விளக்கு போட்ட குட்டை ஒன்று இருக்கிறது, கருப்புக் காண்டாமிருகம் இரவில் தண்ணீர் குடிக்க வருவதைக் கட்டைச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் மழை நன்றாகப் பெய்த ஆண்டில், மே மாதத்தில் காட்டுக்குள்ளேயே தண்ணீர் இருக்கும். குட்டைக்கு எதிரே நீங்கள் மட்டும் உட்கார்ந்திருப்பீர்கள். நமீபியாவின் தூரங்களும் சரளைச் சாலைகளும் பிள்ளைகளுக்குத் தண்டனை. சரளையில் வேகமாகப் போய்க் கார் உருளும் விபத்துகள் அங்கே சாதாரணம்.

நமீப் பாலைவனம் தண்ணீரே இல்லாத இடம் என்று தோன்றும், அங்கேயும் கணக்கு தண்ணீரில்தான். கடலோரம் ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் மழையைத் தடுத்துவிட்டு மூடுபனியை மட்டும் அனுப்புகிறது. விடியற்காலையில் ஒரு வகைக் கருவண்டு மணல்மேட்டின் உச்சியில் தலைகீழாக நிற்கும். முதுகில் படியும் பனி துளியாகத் திரண்டு வாய்க்கு வழிந்து வரும். ஓரிக்ஸ் மான் தன் ரத்தத்தை மூக்கு வழியே குளிரவைத்து மூளைக்கு அனுப்பிச் சமாளிக்கிறது. அங்கே சோசுஸ்வ்லே என்ற இடத்தின் செம்மணல் குன்றுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், நேரில் அதைவிட நன்றாகவே இருக்கும்.

ஜிம்பாப்வேயின் மானா பூல்ஸ், ஜாம்பியாவின் தெற்கு லுவாங்வா என்ற பூங்காக்கள் இரண்டும் கால்நடையாகக் காட்டைப் பார்க்க விரும்பும் பெரியவர்களுக்கானவை. அந்தந்த ஆறுகள் சுருங்கி ஓடும் செப்டம்பர், அக்டோபரில்தான் போக வேண்டும், வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதைத் தெரிந்துகொண்டு. மானா பூல்ஸில் ஆனா என்ற மரம், மற்ற மரங்களுக்கு நேர்மாறாக மழைக்காலத்தில் இலையை உதிர்த்துவிட்டு, வறட்சியில் பச்சையாக நின்று காய்க்கும். அதன் சுருண்ட காய்களுக்காக அங்கே சில ஆண் யானைகள் பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளையை எட்டிப் பிடிக்கும். சர்க்கஸில் அடித்துப் பழக்கியதை அங்கே யாரும் சொல்லிக்கொடுக்காமல் செய்கின்றன.

போட்ஸ்வானாவின் மத்திய கலஹாரி மட்டும் எல்லாவற்றுக்கும் தலைகீழ். அங்கே நிலையான ஆறு இல்லை. ஆகவே மழை பெய்து புல் முளைக்கும் டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரைதான் மான் கூட்டமும் கருப்புப் பிடரிச் சிங்கங்களும் பழைய ஆற்றுப்படுகைகளில் கூடும். வறண்ட காலம்தான் நல்லது என்று மனப்பாடமாகச் சொல்பவர்களிடம் கலஹாரியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே உங்கள் திட்டம்: ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி வாடகைக் கார் எடுத்து, ஐந்து ஆறு மணி நேர ஓட்டத்தில் க்ரூகர். முதல் நாள் களைப்போடு ஓட்டாமல் வழியில் எங்காவது ஓர் இரவு தங்குங்கள். க்ரூகரில் ஐந்து இரவு. திரும்பி வந்து ஜோகன்னஸ்பர்க்கில் ஓர் இரவு, பிறகு விமானத்தில் அருவி, அங்கே இரண்டு இரவு, கசானேயில் இரண்டு இரவு. முடிந்தால் மே கடைசி வாரங்களில் வையுங்கள். ஒவ்வொரு வாரம் தள்ளிப்போகும்போதும் புல் இன்னும் படியும், கொசு இன்னும் குறையும். க்ரூகர் குடில்களுக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்துவிடுங்கள், ஆற்றைப் பார்த்த குடில்கள் முதலில் போய்விடும்.

மே மாதம் அங்கே குளிர்காலத்தின் தொடக்கம். நண்பகலில் அரைக்கை போதும், விடியற்காலையில் திறந்த வண்டியில் பற்கள் அடித்துக்கொள்ளும். குல்லாய், கையுறை, தடித்த மேலங்கி எல்லாம் வேண்டும். ராணுவப் புள்ளி போட்ட உடை மட்டும் வேண்டாம், ஜிம்பாப்வேயில் பொதுமக்கள் அதை உடுத்துவது சட்ட விரோதம். பிள்ளைகளுக்கு ஆசையாக வாங்கிய தொப்பியைக்கூட வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ட்ரோனும் வேண்டாம், பூங்காக்களில் தடை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

க்ரூகர், விக்டோரியா அருவி, சோபே மூன்றுமே மலேரியா உள்ள பகுதிகள். மே மாதத்தில் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. மருத்துவரைக் கேட்டு, பிள்ளைகளின் எடைக்கு ஏற்ற தடுப்பு மாத்திரையைப் புறப்படுவதற்கு முன்பே தொடங்க வேண்டும், திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள் வரை தொடர வேண்டும். பாதியில் நிறுத்துபவர்கள்தான் மாட்டிக்கொள்வது. மாலையில் முழுக்கை, கொசு விரட்டிப் பூச்சு.

விமான டிக்கெட் பார்க்கும்போது நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போனால் மலிவாக இருக்கும். அந்த நாடுகள் மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் இருப்பவை. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தாலோ, தென்னாப்பிரிக்காவில் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். திரும்பி வரும்போது இந்தியாவிலும் கேட்கலாம். ஊசி போட்டு 10 நாள் ஆன பிறகுதான் சான்று செல்லும், ஆனால் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். நாள் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் துபாய், தோஹா வழியாகப் போகும் விமானத்தைப் பாருங்கள்.